போக வேண்டாத கை

பெயர் தெரியும். எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தம்மா கோபித்துக்கொள்ளும். பள்ளிக்கூட வேனில் எல்லோருக்கும் ஆயா. பிள்ளைகளுக்கு ஆயாம்மா. நான் யக்கா என்பேன். என்னை டிரைவரு என்பார். அவ்வளவுதான் உறவு.

நாற்பது தாண்டிய ஆள். குட்டை. ஆயாக்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நீலக் கோட்டு கொடுப்பார்கள். முழங்கால் வரைக்கும் வரும். மற்ற ஆயாக்களின் கோட்டில் முன்பக்கம்தான் அழுக்காக இருக்கும். பிள்ளைகளின் மூக்குச்சளி, சாம்பார், வாந்தி. இந்தம்மா கோட்டில் முன்பக்கம் அழுக்கே இருக்காது. முதுகில்தான் மண்.

காலையில் வேனுக்கு அடியில் படுப்பார். அதனால்.

வண்டி ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டீரிங்கை நாம் மேலே திருப்புகிறோம். அந்தத் திருப்பத்தை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பிகள் கீழே இருக்கின்றன. டை ராடு என்போம். கம்பியின் முனையில் ஒரு குண்டு, அது ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஓட ஓட அந்தக் குண்டு தேயும். தேய்ந்தால் கிண்ணத்துக்குள் ஆடும். ஆட்டம் ஜாஸ்தியானால் ஒருநாள் கழன்றுவிடும். கழன்றால் ஸ்டீரிங் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

அதைப் பார்க்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கை லேசாக இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து அந்த மூட்டின்மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் கைக்குத் தெரியும். ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுப் பார்த்தால் சரிவராது. சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்க வேண்டும்.

எங்கள் வேனுக்குக் கிளீனர் கிடையாது. நானும் ஆயாவும்தான். இரண்டு பேருக்கும் வீடு மேல்பட்டாம்பாக்கம். வேன் ராத்திரி என் தெருமுனையில் நிற்கும். காலையில் அங்கிருந்து கிளம்பி, நெல்லிக்குப்பம் ரோட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலூர் செம்மண்டலத்துப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

முதல் தடவை நான்தான் கூப்பிட்டேன்.

"யக்கா, சீட்ல ஏறி ஒக்காரு. நான் கீழ போறேன். சொல்லும்போது ஸ்டீரிங்க ஆட்டு."

ஏறி உட்கார்ந்தார். டிரைவர் சீட்டில் அதுவரை உட்கார்ந்தது இல்லையாம். கால் எட்டவில்லை. ஆட்டினார். நான் கீழே கை வைத்தேன். கொஞ்சம் இருந்தது. வெளியே வந்து கையைத் துடைத்தேன்.

"இன்னா இருக்கு?"

"பரவால்லக்கா. போலாம்."

"பரவால்லன்னா? இருக்குதா, இல்லியா?"

"கொஞ்சம் இருக்கு. தாங்கும்."

இறங்காமல் மேலேயிருந்தே என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு வண்டிய எடுக்கலன்னா உனக்கு இன்னா ஆவும்?"

"மேனேஜர் திட்டுவாரு. வேற இன்னா."

"அப்ப அது திட்டுக்குப் பயந்த கை. போவணும்னு நெனைக்கிற கைக்கு ஆட்டம் தெரியாது டிரைவரு. நீ மேல வா. நான் படுக்குறேன்."

"யக்கா, ரோடு. ஜனங்க பாக்கும்."

"பாக்கட்டும். நான் எங்கயும் போவ வேணாம். என் கை சொல்லும்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்துவிட்டார். படுக்கும்முன் கையை நீட்டி வண்டிச் சாவியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அடியில் படுத்திருக்கிறவரிடம்தான் சாவி இருக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய வண்டி. சாவியை எடுத்தாலும் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளாது.

நான் ஆட்டினேன்.

"இருக்கு" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. "கொஞ்சம் இல்ல. இருக்கு."

அன்றைக்கு மெதுவாக ஓட்டி, பிள்ளைகளை இறக்கிவிட்டு, நேராகப் பட்டறைக்குப் போய் அதை மாற்றினேன். மெதுவாக ஓட்டினாலும், எடுத்ததே தப்பு என்று அந்தம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். மறுநாளிலிருந்து நான் கூப்பிட வேண்டியதில்லை. நான் வருவதற்குள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார். கையில் பழைய புடவைத் துணி. சாவிக்குக் கை நீட்டுவார்.

துணி எதற்கென்றால், கிரீஸைத் துடைக்க. மூட்டில் புதுக் கிரீஸை அப்பி வைத்தால் ஆட்டம் ஒரு நாள் இரண்டு நாள் தெரியாது. கிரீஸ் இடைவெளியில் போய் நிரம்பிக்கொள்ளும். பட்டறைக்காரன் எனக்குச் சொன்னது இது. நான் ஒருதடவை வாய்தவறி அந்தம்மாவிடம் சொன்னேன். அதிலிருந்து துணி.

"பவுடர அழிச்சாதான மூஞ்சி தெரியும்" என்பார்.

அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேனுக்கு வருவதற்கு முன்னால் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலை. ஓட்டிலிருந்து வரும் பால் பட்டுப்பட்டு விரல்நுனி எல்லாம் கறுத்து, தோல் உரிந்து, மரத்துப்போயிருக்கும். சூடு தெரியாது. விரலால் தொட்டுப் பார்க்க மாட்டார். உள்ளங்கைக் குழியில் மூட்டை அடக்கிப் பிடிப்பார், பால் குடிக்கிற குழந்தையின் தாடையைப் பிடிக்கிறமாதிரி. அங்கேதான் இன்னும் உயிர் இருக்கு என்பார்.

நல்ல குணம் என்று மட்டும் எழுத முடியாது. பிள்ளைகளைக் கொஞ்ச மாட்டார். ஜன்னலில் கை நீட்டினால் அந்தக் கையில் ஒரு அடி. அந்தப் பிள்ளையின் அம்மா வந்து ஏன் அடித்தாய் என்று கேட்டால், "கை இருக்குதில்ல? அதான்" என்பார். ஒருதடவை ஒரு அப்பா காரில் வந்தார். எங்கள் வேன் தெருவை மறித்து நின்றது. ஆரன் அடித்தார். விடாமல் அடித்தார். அடியிலிருந்து அந்தம்மா சொன்னது தெருவுக்கே கேட்டது.

"ஆரன் அடிச்சா ஆட்டம் நின்னுடுமா? அடி. நல்லா அடி."

அந்த அப்பா இறங்கி வந்து குனிந்து பார்த்தார். ஒரு பொம்பளை படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு இது பெரிய தமாஷ். வயதானவர். வாசலில் இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தம்மா அவரை மாமா என்பார். கேலி செய்ய அது போதும்.

"ஏம்மா, முதுவுல மண்ணு. ராத்திரி எங்க படுத்த?"

"உன் பொண்டாட்டிகிட்ட கேளு மாமா. உன்னத் தொரத்திட்டு எனக்கு எடம் குடுத்தா."

"லைசென்ஸ் எப்பம்மா எடுக்கப் போற?"

"எனக்கு எதுக்கு? நான்தான் எங்கயும் போவலியே. உன்னமாதிரி."

அந்த 'உன்னமாதிரி'யை அப்போது யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

அவர் பெண் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை சிதம்பரம். அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜ் மெஸ்ஸில் சமையல். கல்யாணம் சிதம்பரத்தில். பெண்ணை அழைத்துப் போக ஒரு வேன் வாடகைக்கு வந்தது. யாரோ ஒரு டிரைவர், சின்ன வயசு, மீசை முறுக்கினவன். ராகு காலம் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று பெரியவர்கள் எல்லாம் பரபரப்பு. பெண் மாலையோடு நிற்கிறது. அந்தம்மா டிரைவரிடம் கையை நீட்டினார்.

"சாவி."

"எதுக்குமா?"

"அடியில படுக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் கொடுக்கவில்லை. அவன் வண்டி, அவன் மானம்.

"நல்ல வண்டிமா. கல்யாணத்துக்கு வந்த எடத்துல அபசகுனமா பேசாத."

"அப்ப பொண்ணு ஏறாது."

அந்தம்மாவின் அண்ணன் வந்தார். "ஏய், ராவு காலம் வந்துரும். மாப்ள வூட்டுக்காரங்க அங்க காத்துகினு இருக்காங்க. இன்னா நெனப்பாங்க?"

"பொண்ணு முழுசா வந்துச்சுன்னு நெனப்பாங்க. ராவு காலத்துல கெளம்பக் கூடாதுங்கிற. ஆட்டத்தோட கெளம்பலாமா?"

பெண்ணே சொன்னது, "அம்மா, வுடும்மா" என்று. அதையும் விடவில்லை. கடைசியில் டிரைவர் சாவியை வீசினான். பட்டுப்புடவையோடு படுத்தார். நான்தான் மேலே ஏறி ஆட்டினேன். ஊரே நின்று பார்த்தது. யாரோ செல்லில் படம் எடுத்தார்கள்.

"இல்ல" என்று வெளியே வந்தார். "நல்லா வெச்சிருக்க தம்பி. ஏறு எல்லாம்."

அந்தப் பையன் முகம் மாறிவிட்டது. அப்புறம் சிதம்பரம் வரைக்கும் நிதானமாக ஓட்டினான். பட்டுப்புடவையின் தோளில் கறுப்புக் கிரீஸ் தீற்று. மாற்றுப்புடவை இருந்தது. மாற்றிக்கொள்ளவில்லை. பந்தியில் அதோடுதான் பாயசம் ஊற்றினார். சம்பந்தியம்மா என்ன இது என்று கேட்டதற்கு, "உன் மருமவளுக்கு நான் போட்ட நகை" என்றார். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை.

அவர் சொன்னது எப்போதும் சரியாக இருந்தது என்று நினைக்க வேண்டாம்.

ஒரு பரீட்சை நாள். கீழேயிருந்து இருக்கு என்றார். நானும் படுத்துப் பார்த்தேன். டக் டக் என்று தட்டுகிறது. வண்டியை ஓரம் கட்டினேன். பெற்றோர்களுக்குப் போன் போட்டேன். அவரவர் பைக்கில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். சில பிள்ளைகளுக்கு நேரமாகிவிட்டது. அழுதுகொண்டே எழுதினார்களாம். பட்டறைக்காரன் வந்து பார்த்தான். டை ராடு நன்றாக இருந்தது. மட்கார்டைப் பிடிக்கிற ஒரு நட்டு லூசு. அதுதான் தட்டியிருக்கிறது.

சாயந்திரம் பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். ஒரு ஆள், "இவ பெரிய மெக்கானிக்கு. பெருக்குற வேலைய மட்டும் பாக்கச் சொல்லுங்க சார்" என்றார். மேனேஜர் அந்தம்மாவை எல்லார் முன்னாலும் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்து வண்டி விவகாரம் பூராவும் மேனேஜர்தான் பார்ப்பார்.

"தப்புன்னு சொல்லிடும்மா. முடிஞ்சுது."

"நட்டு லூசுன்னு தெரிஞ்சுது. நல்லதுதான."

"ஆயாம்மா, சாரி கேளு."

"கேக்க மாட்டேன் சார். நாளைக்கும் இதே சத்தம் வந்தா நாளைக்கும் நிறுத்துவேன். கைக்கு மட்கார்டு, டை ராடுன்னு பேரு தெரியாது. ஆடுது, ஆடல. அவ்ளோதான் தெரியும்."

எனக்கும் அன்றைக்குக் கோபம்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மேனேஜர், இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை இருக்காது என்றார். அந்தம்மா தலையாட்டினார். சரி என்கிற தலையாட்டல் இல்லை. கேட்டுக்கொண்டேன் என்கிற தலையாட்டல்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனில் திரும்பும்போது கேட்டேன்.

"வேலைய விட்டு நிறுத்திட்டா இன்னாக்கா பண்ணுவ?"

"முந்திரி ஒடைக்கப் போவேன்."

"கை?"

கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "உள்ளங்கை இருக்குதே இன்னும்."

அந்த இன்னொரு தடவை வந்தது.

சிதம்பரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு நடுவில் கும்மிப் போட்டி. எங்கள் பிள்ளைகள் மாசக்கணக்கில் பழகியிருந்தார்கள். வேன் அதற்கு முன்னால் எஃப்.சி.க்காக, அதாவது ஓடத் தகுதியான வண்டி என்று சர்க்கார் கொடுக்கிற சான்றுக்காக, பட்டறையில் இருந்தது. எஃப்.சி. ஆகி, புது மஞ்சள் பெயின்ட் அடித்து, போட்டியன்றைக்குக் காலையில்தான் பட்டறைக்காரன் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துக்குள் விட்டுப் போனான். அதனால் எங்கள் தெருமுனையில் அன்றைக்குப் பார்க்க வழியில்லை. நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் பாவாடை தாவணியில், தலைநிறையக் கனகாம்பரத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். கும்மிக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற பெண் ஒருத்தி. எட்டாவது. தொண்டையைக் காப்பாற்ற வாயைத் திறக்காமல் நிற்கிறாள்.

அந்தம்மா கை நீட்டினார். கொடுத்தேன். துணியோடு அடியில் போனார்.

"டிரைவரு, ஆட்டு."

ஆட்டினேன்.

"நிறுத்து." துடைக்கிற சத்தம். "ஆட்டு."

ஆட்டினேன்.

"பெயின்டு வெடிச்சிருக்கு. மூட்ட சுத்தி கோடு போட்டாப்பல. ஆடாத எடத்துல பெயின்டு ஏன் வெடிக்கும்?"

மேனேஜர் வந்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கு மேலே ஆள் இருக்கிறது. போட்டிக்கு நேரம் குறித்தாகிவிட்டது.

"என்னாச்சு?"

"ஆட்டம் இருக்குதாம் சார்" என்றேன்.

"எஃப்.சி. இப்பதான்யா ஆச்சு. மட்கார்டா இருக்கும். வெளிய வரச் சொல்லு."

கீழேயிருந்து பதில் வந்தது. "மட்கார்ட புடிச்சுக்கிட்டேதான் சார் பாத்தேன். அது இல்ல. புள்ளைங்கள ஏத்தாதீங்க."

"ஆயாம்மா, வெளிய வா. பேசிக்கலாம்."

"இங்கிருந்தே பேசுறேன்."

"போன தடவை சொன்னேன் இல்ல? இப்ப வரலன்னா நீ வேலையில இல்ல."

பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். நீலக் கோட்டும் இரண்டு காலும் தெரிந்தன. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்.

"வேலையில இல்லன்னா நான் வெறும் ஆளு. வெறும் ஆளு படுத்திருக்கேன்னு வெச்சுக்குங்க."

வாசலிலிருந்து வாட்ச்மேன் எழுந்து வந்து நின்றார். அன்றைக்கு அவர் கேலி ஒன்றும் செய்யவில்லை.

மேனேஜர் ஆபீசுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் இன்னொரு சாவி. வேனின் மாற்றுச்சாவி. அதை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார்.

"ஸ்டார்ட் பண்ணுய்யா. சத்தம் கேட்டா தானா வருவா."

சாவி மடியில் கிடந்தது. எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். வேறு வேலை தெரியாது. இவர் சொல்வதும் நடக்கலாம். என்ஜின் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் வெளியே வந்துவிடுவார்கள்.

யாராக இருந்தாலும் வருவார்கள். அந்தம்மா வராது. அது எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது.

இறங்கினேன். மாற்றுச்சாவியை வண்டிக்கு அடியில் தள்ளினேன். சிமென்டுத் தரையில் சறுக்கிக்கொண்டு போனது.

"யக்கா, இதையும் வெச்சுக்க."

எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்ப ஏறி சீட்டில் உட்கார்ந்தேன்.

"டிரைவரு."

"சொல்லுக்கா."

"ஆட்டு."

ஆட்டினேன். இந்தப்பக்கம், அந்தப்பக்கம். மேனேஜர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டீரிங்கைப் பார்த்தேன். அந்தம்மா நிறுத்தச் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு அந்தப்பக்கம் போகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

வேறு வேன் வந்தது. வந்த பிறகுதான் வெளியே வந்தார். வந்த வேனுக்கும் படுப்பேன் என்று போனார். அந்த டிரைவர் பயந்து சாவியைக் கொடுத்துவிட்டான். அது நன்றாக இருந்தது. ஆனால் சிதம்பரம் போய்ச் சேரும்போது கும்மி முடிந்திருந்தது. வேறு பள்ளிக்கூடம் பரிசு வாங்கிக்கொண்டிருந்தது. பாட்டு எடுத்துக் கொடுக்கிற அந்தப் பெண் திரும்பி வந்ததும் ஆயாம்மா முன்னால் வந்து நின்றாள்.

"உன்னாலதான்" என்றாள். காலையிலிருந்து அவள் பேசின முதல் வார்த்தை அதுவாக இருக்கும்.

"ஆமாம் கண்ணு. என்னாலதான்" என்றார் அந்தம்மா. அவள் தலையில் வாடிப்போன கனகாம்பரத்தைச் சரிசெய்யக் கை நீட்டினார். அவள் தட்டிவிட்டாள். அந்தம்மா கையை இழுத்துக்கொண்டார். அன்றைக்குப் பூராவும் அவர் முகம் மாறினது அப்போது மட்டும்தான்.

பட்டறைக்காரன் அந்த முனையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். குண்டு கிண்ணத்துக்குள் ஆடியது.

"தேஞ்சிருக்கு" என்றான். "ஆனா சிதம்பரம் போயிட்டு வந்திருக்கும்."

"வந்திருக்குமா?"

"வந்திருக்கும். வராமயும் போயிருக்கும். யாரு கண்டது?"

அதைத்தான் அந்தம்மாவிடம் போய்ச் சொன்னேன். வேலை போய்விட்டது, கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறார்.

"யாரும் காண வேணாம்" என்றார். "அதுக்குத்தான படுத்தது."

என்னை நிறுத்தவில்லை. டிரைவர் கிடைப்பது கஷ்டம். ஆயா கிடைப்பாள். அது மேனேஜரே சொன்னது. நானும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அந்தம்மாவிடம் சொன்னேன். அடிக்காத குறை.

"நீ போனா வர்றவன் அடியில பாப்பானா? ரோசத்த வூட்ல வெச்சுட்டு வண்டிய எடு."

மறுநாள் காலையில் தெருமுனையில் நிற்கிறார். கோட்டு இல்லை. பழைய சட்டை ஒன்றைப் புடவைமேல் போட்டிருக்கிறார். கையில் துணி.

"யக்கா, உன்ன வேலைய விட்டு எடுத்துட்டாங்க."

"வேலைய எடுத்தாங்க. கைய எடுத்தாங்களா? சாவி."

தெரு பஞ்சாயத்துத் தெரு. யாரும் தடுக்க முடியாது. அடியில் பார்ப்பார், இல்ல என்பார், வீட்டுக்குப் போவார். சம்பளம் கிடையாது. நான் கொடுத்த டீயையும் வாங்கமாட்டார். விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. வேனை இனிமேல் ராத்திரி பள்ளிக்கூடத்துக்குள்தான் நிறுத்த வேண்டும் என்றார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அவள் கேட்டுக்குள்ளே கால் வைக்கக் கூடாது, வைத்தால் உன் வேலையும் போகும் என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தம்மா செம்மண்டலத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற வேலை பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. ஒருநாள் நான் வேனைத் திறந்து ஏறுகிறேன், கேட்டுக்கு வெளியே நிற்கிறார். கேட்டு பூட்டியிருக்கிறது. வாட்ச்மேன் நாற்காலியில்.

"மாமா, தொற."

"ஆவாதும்மா. ஆர்டரு."

"புள்ளைங்கள ஏத்தப் போவுது வண்டி."

"தெரியும்மா. நான் இன்னா பண்றது? நீ கால் வெச்சா என் சோறு போச்சு."

அந்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இன்னிக்கு எங்க போவணும் மாமா?"

"நான் எங்கம்மா போறது? இந்த நாற்காலி, இந்த கேட்டு."

"அப்ப நீ படு."

வாட்ச்மேன் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியைக் கம்பி வழியாக உள்ளே நீட்டினார். வாட்ச்மேன் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆபீஸ் பக்கம் பார்த்தார். எழுந்தார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். வயசான உடம்பு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, ஒருவழியாக அடியில் போனார். போகும்முன் என்னிடம் கையை நீட்டி, "சாவி" என்றார்.

"மொதல்ல கிரீஸ தொடை மாமா."

"தொடைச்சேன்."

"வெரல வெக்காத. உள்ளங்கையில அடக்கு."

"அடக்கினேன்."

"டிரைவரு, ஆட்டு."

கேட்டுக்கு வெளியே ஒருவர், வண்டிக்கு அடியில் ஒருவர், மேலே நான். ஆட்டினேன்.

"இல்லம்மா."

"நல்லா பாத்து சொல்லு."

"இல்லன்னா இல்லதாம்மா. என்ன நம்ப மாட்டியா?"

"நீ எங்கயும் போவாத ஆளு. உன்ன நம்பாம?" அந்தம்மா கம்பியை விட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார்.

மேனேஜர் இதைப் பார்த்த அன்றைக்குக் கேட்டார். "என்னய்யா இது?"

வாட்ச்மேன் முதுகு மண்ணோடு எழுந்து நின்றார். "உள்ள விடல சார்."

மேனேஜர் பூட்டியிருந்த கேட்டைப் பார்த்தார். ஆபீசுக்குள் போய்விட்டார்.

இப்போது அந்தம்மா கடலூர்ப் பக்கம் இல்லை. பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து, அண்ணாமலை நகரில் அவர்களோடு இருக்கிறார். மருமகன் சமைக்கிற மெஸ்ஸில் அந்தம்மாவுக்குக் காய் நறுக்குகிற வேலை. அங்கே ஷேர் ஆட்டோக்காரர்கள் இந்தம்மாவைக் கண்டால் நிறுத்தாமல் போகிறார்களாம். பெண் போனில் சொல்லிச் சிரித்தது.

அந்தம்மா ஊரைவிட்டுப் போனதை வாட்ச்மேனிடம் நான்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். சாவியை வாங்கிக்கொண்டு அடியில் போனார். நான் ஆட்டினேன். வெளியே வந்ததும் கேட்டைப் பார்த்து, ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி, "இல்லம்மா" என்றார். தினமும் அப்படித்தான்.

ஒருநாள் மேனேஜர் ஆபீஸ் படியில் நின்றபடி கேட்டார். "அவதான் ஊர்லயே இல்லியே. யாருக்குய்யா சொல்ற?"

வாட்ச்மேன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மேல் பட்டனிலிருந்து கடைசிப் பட்டன் வரைக்கும் நிதானமாக மாட்டினார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனார்.

"உங்களுக்குத்தான் சார்" என்றார்.